லஸ் முனையில் கத்திய கியர்

வக்கீல் பத்ரிநாராயணன் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்துநாலில் இரண்டே பேர் உட்காரும் சீமைக் கார் ஒன்று வாங்கினார். பந்தயத்துக்கென்று செய்த வண்டி. அவர் அதில் மயிலாப்பூரிலிருந்து ஹைகோர்ட்டுக்குப் போய் வந்தார்.

நவராத்திரி முடிந்த மறுநாள் காலை, லஸ் முனையில் இரண்டாம் கியரிலிருந்து மூன்றாம் கியருக்கு மாற்றும்போது வண்டி கத்தியது. வெற்றிலைக் கடைக்காரர் எழுந்து நின்று பார்த்தார்.

கியர் என்றதும் பயந்துவிடாதீர்கள் கண்ணுகளா. இரண்டு பேர் இழுத்துப் பிடித்திருக்கிற கயிற்றில் முடிச்சை அவிழ்க்க முடியுமா? கொஞ்சம் தளர்த்த வேண்டும். வண்டியில் தளர்த்துவதற்கு இடது காலடியில் ஒரு மிதி உண்டு. அதற்குக் கிளட்ச் என்று பேர். அடிவரைக்கும் மிதித்தால் கியர் சத்தமில்லாமல் மாறும். அவ்வளவுதான் சங்கதி.

வண்டி ராயப்பேட்டையில் ஷரஃபுதீன் பட்டறைக்குப் போனது. மெக்கானிக் மெஹபூப் அலி வழக்கம்போல முதலில் மிதிகளைத் துணியால் துடைத்தார். பிசுக்கு இருந்தால் பூட்ஸ் வழுக்கும் என்பது அவருடைய தொழில் பாடம். பிறகு கடற்கரை வரை ஓட்டினார். கியர் வெண்ணெய் மாதிரி மாறியது. இருந்தாலும் பெட்டியைத் திறந்து, பற்களைப் பார்த்து, எண்ணெய் மாற்றி அனுப்பினார். வக்கீல் நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்தார். மறுநாள் லஸ் முனையில் வண்டி கத்தியது.

இரண்டாவது தடவை கிளட்ச் கம்பியை முடுக்கினார். அதே கடற்கரை, அதே வெண்ணெய். மறுநாள் அதே லஸ் முனை.

பட்டறை முதலாளி ஷரஃபுதீன் மெஹபூப் அலியைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"இன்னொரு தபா அந்த வண்டி இங்க வந்துச்சுன்னா, நீ காரைத் தொடாதே. ஜட்காவுக்குப் பட்டா அடிக்கப் போய்டு."

மெஹபூப் அலி ஏழு வருஷம் ஜட்கா குதிரை வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா அடித்தவர். அங்கிருந்து காருக்கு வர அவருக்கு இன்னும் நாலு வருஷம் பிடித்தது. அதனால் வண்டி பட்டறைக்கு வருவதற்கு முன்னால் அவரே தெற்கு மாட வீதியில் வக்கீல் வீட்டுக்குப் போய்விட்டார்.

"நீங்க ஓட்டுங்க சாமி. நான் பக்கத்துல குந்திக்கினு வர்றேன்."

வக்கீல் வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். வண்டியில் ஏறி, குனிந்து, கிளட்ச் மிதியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதில் வட்டமாகச் சந்தனம், நடுவில் குங்குமம். அப்புறம் கட்டைவிரல் நுனியை மிதியின் ஓரத்தில் வைத்து, தூங்குகிற குழந்தையைத் தொடுவதுபோல அமுக்கினார். மிதி பாதி தூரம் போனது. கியரைப் போட்டார். வண்டி கத்தியது.

"கேட்டியா?" என்றார் வக்கீல்.

"பாத்தேன் சாமி. இந்தப் பொட்டு யாரு வச்சது?"

"ஆத்துல ஜலஜா. ஆயுத பூஜைக்கு வச்சா. பட்டறைக்குப் போயிட்டு வந்தா அழிஞ்சுபோறதுன்னு ஒவ்வொரு தடவையும் புதுசா வைக்கறா."

மெஹபூப் அலியின் கை தானாகத் துணியை எடுத்தது. வக்கீல் அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"துடைக்கப்படாது. அபசகுனம்."

இரண்டு தடவை துடைத்தவர் யார் என்ற பேச்சை மெஹபூப் அலி எடுக்கவில்லை.

"பிரேக்லயும் பொட்டு கீதே சாமி. அத்த எப்படி மிதிக்கிறீங்க?"

"அங்கே எதிரே மாடு நிக்கறது. யோசிக்க எங்கே நேரம்?"

மெஹபூப் அலி குனிந்து மிதியின் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தார்.

"பொட்டு வச்ச இந்த மிதித் தட்டு ரெண்டே ஸ்க்ரூதான். கழட்டித் தந்துடறேன். பொட்டு பொட்டாவே இருக்கட்டும். வூட்டுக்குள்ள வச்சுக்குங்க. நீங்க செருப்புப் போட்டுக்கினு மீதிக் கம்பியை நல்லா மிதிங்க."

வக்கீல் சட்டப்படி யோசித்தார். கம்பிக்குப் பொட்டு வைக்கவில்லை. ஆட்சேபணை எழ வழியில்லை. அவர் மனைவி ஜலஜா ஒரு தாம்பாளம் கொண்டுவந்து தட்டை அதில் வாங்கிக்கொண்டாள்.

"பெருமாள் உள்ளிலேயே வச்சுடறேன். ஓட்டறச்சே இது தேவைப்படுமோ?" என்று கேட்டாள்.

"தேவைப்படாதும்மா."

வக்கீல் செருப்புப் போட்டுக்கொண்டு மிதித்தார். லஸ் முனையில் மூன்றாம் கியர் விழுந்தது அவருக்கே தெரியவில்லை. வெற்றிலைக் கடைக்காரர் காத்திருந்து பார்த்துவிட்டு, ஏமாற்றத்தோடு உட்கார்ந்தார்.

மெஹபூப் அலி பட்டறைக்குத் திரும்பினார்.

"இன்னா பண்ணே?" என்றார் ஷரஃபுதீன்.

"கிளட்ச் மிதித் தட்டைக் கழட்டிட்டேன், பாய்."

"ஏன், தட்டு இன்னா பண்ணுச்சு?"

"அது ஒண்ணும் பண்ணல."

"இப்ப எங்க கீது?"

"ஐயங்கார் வூட்டு சாமி ரூம்புல."

ஷரஃபுதீன் தாடியைத் தடவினார். இந்தத் தொழிலில் முப்பது வருஷம் இருந்தவர். கடைசியில் ஒன்றைத்தான் கேட்டார்.

"வண்டி திரும்பி வராதே?"

"வராது."

"அப்ப அந்த அடையாறு டாக்டர் வண்டிக்கு ஹாரன் அடிக்கலயாம். வாசல்ல நிக்குது, போய் இன்னான்னு பாரு."

மெஹபூப் அலி சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.