கோடரியின் பெயர்

இந்தக் காலத்து ஆட்களுக்குக் கோடரியைக் காட்டினால் கோடரி என்று தெரிவதில்லை. நாடகம் முடிந்தால் கோட்டு மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதானே. எங்கள் நரின் ஊர் நாடக அரங்கின் வாசலில், பனியில் நின்றுகொண்டு, அவன் எதற்கு அடையாளம், இவன் எதற்கு அடையாளம் என்று அரை மணி நேரம் பேசுகிறார்கள். அந்தக் கோடரி அரசாங்கம் என்கிறான் ஒருவன். சுரங்கக்காரன் என்கிறான் இன்னொருவன்.

நான் நாலாம் வகுப்பு வரை படித்தவன். நாற்பது வருடம் மலைப்பாதையில் லாரி ஓட்டியவன். நாடகத்துக்குப் போனதே என் மருமகள் கனிஷாய் அதில் நடிப்பதால்தான். மகன் ரஷ்யாவில் கட்டட வேலையில் இருக்கிறான். வீட்டில் அவளும் நானும் மட்டும்.

கதை ஒரு பாப்ளர் மரத் தோப்பில் நடக்கிறது. நடிகர்கள்தான் மரங்கள். சாம்பல் நிறக் கம்பளி அங்கி போட்ட நெட்டையன் ஒருவன் வாய் திறக்காமல் நடுவில் வந்து நிற்பான். அவன்தான் கோடரி. மரங்கள் பயத்தில் அவன் பெயரைச் சொல்லாமல், விருந்தாளி, ஒல்லி மூஞ்சி, வெட்டுறவரு என்று சுற்றி வளைக்கும். சனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு முதலில் சிரிப்பு வரவில்லை. என் பெயர் பால்தா. எங்கள் பேச்சில் கோடரிக்கும் அதுதான் பெயர். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்பதால், ஆறு வருடமாக விறகு பிளக்கும்போதுகூட "அந்த வெட்டுறத எடுங்க" என்றுதான் கனிஷாய் கேட்பாள். எங்கள் சமையலறைப் பேச்சை மேடைக்குத் தூக்கிக் கொடுத்திருக்கிறாள்.

கடைசியில் மற்ற மரங்கள் விழுந்துவிடும். அவள் மட்டும் நின்று, அவன் முகத்துக்கு நேராகப் பெயரைச் சொல்லிவிட்டுச் சாய வேண்டும். இதுவரை நடந்த மூன்று ஆட்டத்திலும் அவள் சொல்லவில்லை. வாயைத் திறந்தாள், மூடினாள். விரல் நுனிகள் மட்டும் இலை மாதிரி நடுங்கின. பிறகு அப்படியே சரிந்தாள். லாரி பள்ளத்தில் உருண்டபோதுகூட அழாதவன் நான். தொப்பியை முகத்தில் வைத்துக்கொண்டேன்.

"அது நம்ம பொம்பளைங்களோட ஆயிரம் வருஷத்து மௌனம்" என்றாள் வாசலில் ஆசிரியை ஜுமாகுல்.

"மரியாதைக்குச் சொல்லல, டீச்சர். அவ்வளவுதான்."

"உங்களுக்குப் புரியாது, பெரியவரே."

இயக்குநர் உலானுக்கும் புரியவில்லை. தேநீர்க் குடுவையோடு நான் பின்வாசலுக்குப் போனபோது அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தான்: "சனிக்கிழமை தலைநகரத்துலேருந்து விழாவுக்குத் தேர்வு பண்ண வர்றாங்க. அன்னிக்கும் பேரச் சொல்லாம நின்னீன்னா, வேஷம் பக்கத்து மரமா நிக்கிற ஜார்கினுக்குப் போயிடும்." வீட்டுக்கு வந்தும் கனிஷாய் இதை என்னிடம் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை நானே ஆரம்பித்தேன். "இன்னிக்குச் சொல்லிடு."

"எத மாமா?"

"தெரியாத மாதிரி கேக்காத. அந்த நெட்டையன் பேர."

"நீங்க மூணாவது வரிசையில தொப்பியோட உக்காந்திருக்கீங்க. நீங்க இருந்தா எனக்கு மேடையும் வீடுதான்."

"அப்ப நான் வரல."

"நீங்க வராட்டி நான் யாருக்கு நடிக்கிறது? ஒல்லி மூஞ்சிக்கா?" எங்கள் ஊர் மரியாதைப்படி கிண்ணத்தில் பாதி மட்டும் தேநீர் ஊற்றி இரு கையாலும் நீட்டினாள்.

மூன்று மணி ஆட்டத்துக்குப் போனேன். அதே நாற்காலி. மரங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. அவள் மட்டும் நின்றாள். பார்வை நெட்டையனைத் தாண்டி என் மேல் வந்தது. முழுவதும் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது. ஆனாலும் எழுந்தேன்.

"முக்கியமான இடம், உக்காருங்க" என்று பக்கத்தில் இருந்த ஜுமாகுல் என் கையைப் பிடித்தாள். உதறிக்கொண்டு, வரிசையில் இருந்தவர்களின் முழங்கால்களை இடித்துக்கொண்டு, கனிஷாய்க்குத் தெரியும்படி தொப்பியைத் தலையில் வைத்து வெளியே வந்தேன்.

கதவு தடிமனானது. உள்ளே என்ன சொன்னாள், சொன்னாளா என்று ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கைதட்டல். போன மூன்று முறையும் இதே மாதிரிதான் தட்டினார்கள்.

நிற்காமல் பாலத்தின் பக்கம் நடந்தேன். நாளைக்கு அந்தக் காலி நாற்காலிக்கும் ஒரு அர்த்தம் சொல்வார்கள். அதில் ஒரு கிழவன் உட்கார்ந்திருந்தான், எழுந்து போனான். அவ்வளவுதான். கீழே ஆறு கரையோரம் உறைந்து, நடுவில் மட்டும் கறுப்பாக ஓடிக்கொண்டிருந்தது.