நூறு வாட் பெட்டி

என் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்துவிட்டு குருபிரசாத் சிரித்த சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

பாண்டி பஜாருக்குப் பின்சந்தில், மாடியில் இருந்தது அவருடைய கடை. நொச்சிக்குப்பத்திலிருந்து பெட்டியை அம்மாவின் பழைய புடவையில் கட்டி, 12பி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போயிருந்தேன். கோபாலபுரத்தில் ஓர் ஆபீஸ் மூடியபோது தள்ளிவிட்ட தட்டைப் பெட்டி அது. மூன்று வருஷமாக அதில்தான் கல்யாணப் பத்திரிகையும் காதுகுத்து நோட்டீசும் அடித்துக் கொடுக்கிறேன்.

"இதுக்குப் போய் த்ரீ-டி கார்டா? எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் பாருங்கோ. வெறும் நூறு வாட்" என்றார்.

எஸ்.எம்.பி.எஸ். என்பது பெட்டிக்குள் இருக்கிற எல்லாருக்கும் கரண்டைப் பங்கு போட்டுக் கொடுக்கும் டப்பா. என்னுடையதால் ஒரு குண்டு பல்பு தின்கிற அளவுதான் கொடுக்க முடியும்.

"அதை மட்டும் பெரிசா மாத்திக் குடுங்க சார்."

"இந்த ஷேப்புல வேற கிடைக்காதும்மா. கேபினெட்டை மாத்தணும், போர்டை மாத்தணும். அதுக்குப் புதுசே வாங்கிடலாம். இது டைப் அடிக்கற பெட்டி. டைப் அடிங்கோ, பேஷா ஓடும்."

எனக்கு வந்ததே கோபம்! டைப் அடிக்கத்தான் நான் பிறந்தேனா? பத்திரிகை வேலை இல்லாத மத்தியானங்களில் எழுத்துகளைச் சுழலவிடும் வித்தையை ஒரு வருஷமாகத் தட்டுத்தடுமாறி நானே கற்றிருந்தேன். எங்கள் பக்கம் கேபிள் நடத்துகிற நூர் முஹம்மது பாய் பொங்கலுக்கு லோக்கல் சேனல் ஆரம்பிக்கிறார். சேனல் பெயர் டிவியில் சுழன்றுகொண்டே வர வேண்டும். "சனிக்கிழமை காலைல வர்றேன் தமிழு. சுத்திக் காட்டு. சுத்துச்சுன்னா சேனல் வேலை எல்லாம் உனுக்கு. இல்லாங்காட்டி தி.நகர் ஸ்டூடியோக்குக் குடுத்துருவேன்" என்று சொல்லியிருந்தார். என் பெட்டியிலோ அந்தப் பெயர் எறும்பு மாதிரி ஊர்ந்தது. டிவியோடு இணைக்கத் துளையும் கிடையாது. இரண்டுக்கும் சேர்த்து ஒரு கார்டு வேண்டும். அன்றைக்கு வியாழக்கிழமை.

கரண்ட் பற்றாக்குறையைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்க வந்துவிட்டார் இவர்! எங்கள் பிளாக்கில் எட்டு வீட்டுக்கு ஒரே பீஸ் கட்டை. கீழ்வீட்டு சுலோச்சனா அக்கா மிக்ஸி போடுவதற்கு முன்னால் மாடிப்படியில் நின்று கூவுவாள். மேலே அயர்ன் பண்ணுகிறவர்கள் அணைத்துவிட்டுப் பதில் கூவ வேண்டும். கூவாமல் போட்டால் எட்டு வீடும் இருட்டு. அப்புறம் போட்டவளை ஒரு வாரத்துக்கு உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்கள்.

நான் நகராததைப் பார்த்து, விசிறி வைத்த பெரிய கார்டு ஒன்றை எடுத்து என் பெட்டியில் செருகிக் காட்டினார். விசிறி அரைச் சுற்று சுற்றியது. பெட்டி 'டக்' என்று அணைந்தது.

"நான்தான் சொன்னேனே."

"சார், டிவிக்கு வயர் போற கார்டு எத்தினி வச்சிருக்கீங்க?"

"நாலு இருக்கு."

"நாலையும் ஒவ்வொண்ணா உங்க மெஷின்ல போட்டு ஓட்டுங்க. நான் தொட்டுப் பாக்கணும்."

"தொட்டா?"

"எது ரொம்பச் சுடுதோ அது ரொம்பக் கரண்ட் தின்னுது. சுடாதது எனக்கு வேணும்."

"அதெல்லாம் கவரைப் பிரிக்க முடியாதும்மா."

"எங்கம்மா ரோட்டோரத்துல மீன் விக்குது சார். செவுளைத் தூக்கிப் பாக்காம, அமுக்கிப் பாக்காம ஒருத்தரும் வாங்க மாட்டாங்க. நான் மட்டும் கவரைப் பாத்து வாங்கணுமா?"

"எங்காத்துல மீனெல்லாம் வாங்கறதில்லே."

"வெண்டைக்கா வாங்குவீங்கல்ல? நுனியை ஒடிச்சுப் பாக்க மாட்டீங்க?"

கடையில் நின்ற இரண்டு பேர் பக்கென்று சிரித்துவிட்டார்கள். குருபிரசாத் முகம் சுருங்கிப்போய் கத்தரிக்கோலை எடுத்தார்.

ஒவ்வொன்றையும் பத்து நிமிஷம் ஓடவிட்டு நடுவில் இருக்கும் கறுப்புச் சில்லில் விரலை வைத்தேன். முதல் கார்டில் வைத்த விரலை உடனே உதறினேன். இரண்டாவதில் ஐந்து எண்ண முடிந்தது, மூன்றாவதில் எட்டு. நாலாவதை டிராயரின் அடியிலிருந்து எடுத்தார். விசிறி இல்லை, உள்ளங்கை அகலம்தான். ஐம்பது வரைக்கும் எண்ணினேன். விரல் அங்கேயே இருந்தது.

"அது பழைய சரக்கும்மா. கேம்ஸ் ஆடறவா சீண்டக்கூட மாட்டா."

"நான் ஆட வரல."

என் பெட்டியில் செருகினோம். அப்படியும் முக்கி முனகியது. சி.டி. டிரைவுக்குப் போகிற வயரை நானே பிடுங்கிவிட்டு மறுபடி போட்டேன். பெட்டி எழுந்துகொண்டது. திரையில் என் எழுத்துகள் வழுக்கிக்கொண்டு சுழன்றன. எனக்கு அங்கேயே குதிக்கலாம் போலிருந்தது.

"சி.டி. போடணும்னா என்ன பண்ணுவேள்?" என்றார், விடாமல்.

"போடும்போது பாத்துக்கிறேன்" என்று வாயைக் கொடுத்துவிட்டு, கார்டை வாங்கிக்கொண்டு வந்தேன்.

சனிக்கிழமை பத்து மணிக்கு நூர் பாய் வந்தார், கையில் ஒரு சி.டி.யோடு.

"சேனல் ட்யூன் போட்டுக் குடுத்துட்டாங்கம்மா. பாட்டோட சேந்து சுத்தணும்."

வேறு வழியில்லாமல் சி.டி. டிரைவின் வயரை மாட்டி சுவிட்சைப் போட்டேன். 'டக்.' மறுபடி போட்டேன். 'டக்.' மூன்றாவது தடவையும் அதேதான்.

"இன்னாடி, உசுரு வரல?" என்றாள் அம்மா, வாசற்படியில் கூடையைக் கழுவிக்கொண்டே.

பாய் வாட்சைப் பார்த்தார். "ஸ்டூடியோக்காரன் பதினோரு மணிக்கு வரச் சொல்லிக்கிறான். பரவால்லம்மா, நீ டைப்பு வேலையைப் பாரு."

குருபிரசாத் சொன்னதையே இவரும் சொன்னார். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அழுகை இல்லை, ஆத்திரம். அந்தப் பெட்டியைத் தூக்கிக் கடலில் வீசிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

அப்போது கீழே இருந்து சுலோச்சனா அக்கா கூவினாள். "மிக்ஸி போடப் போறேன்!"

மேலே இருந்து பதில் வந்தது. "இரு அக்கா, அயர்னை நிறுத்திக்கிறேன்! ஆங், இப்பப் போடு!"

சட்டென்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறந்ததிலிருந்து கேட்கிற கூச்சல். எல்லாரையும் ஒன்றாகப் போட்டுவிட்டுப் பெட்டியைத் திட்டிக்கொண்டிருக்கிறேனே, என் புத்தியை என்ன சொல்ல!

"பாய், ஒரு டீ குடிச்சிகினு இருங்க. எம்மா, பாய்க்கு டீ!"

புதுக் கார்டைக் கழற்றினேன். மானிட்டரைப் பெட்டியின் பழைய துளையிலேயே மாட்டினேன். பெட்டி எழுந்தது, சி.டி.யும் ஓடியது. ட்யூனை ஹார்ட் டிஸ்கில் இறக்கினேன். அணைத்தேன். சி.டி. டிரைவின் வயரைப் பிடுங்கிவிட்டுக் கார்டைத் திரும்பச் செருகினேன். டிவிக்கு வயரைக் கொடுத்துவிட்டு சுவிட்சைப் போட்டேன்.

எங்கள் வீட்டு டிவியில் பாயின் சேனல் பெயர் பொன்னிறத்தில் சுழன்று வந்து நின்றது. ட்யூன் சரியாக அங்கே முடிந்தது. அம்மா கூடையைக் கீழே வைத்துவிட்டு வந்து பார்த்தாள். பாய் மூன்று தடவை போடச் சொல்லிப் பார்த்தார்.

"சூப்பரா கீதும்மா. ஒண்ணு பண்ணு. இந்தப் பொட்டியோட எதுக்கு மல்லுக்கட்டிகினு? ஸ்டூடியோல பெரிய மெஷின் கீது. அங்க வந்து குந்து, நான் சொல்லி வேலைக்கு வச்சிக்கச் சொல்றேன்."

"சுத்துச்சுன்னா வேலை எல்லாம் எனக்குன்னு சொன்னீங்க. சுத்திச்சா இல்லியா பாய்?"

"சுத்திச்சு."

"அப்ப வேலை இங்கதான் நடக்கும். இதே பொட்டியில."

"ஒவ்வொரு வாட்டியும் இப்பிடிக் கழட்டி மாட்டிகினு இருப்பியா?"

"இருப்பேன். உங்களுக்கு இன்னா கஷ்டம்?"

பாய் என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் டீ கிளாஸை வைத்துவிட்டு எழுந்தார். "சரி, வெள்ளிக்கெழம விளம்பரம் ஒண்ணு கொண்டாறேன். அதுவும் சி.டி.லதான் கீது."

"வர்றப்பக் கீழ நின்னு கூவிட்டு வாங்க. நான் கார்டைக் கழட்டி வைக்கிறேன்."

வெள்ளிக்கிழமை மத்தியானம் மாடிப்படியில் கூவிப் பழக்கமில்லாத ஆண்குரல் ஒன்று கூச்சத்தோடு கேட்டது. "தமிழு! சி.டி. கொண்டாறேன்!"

மேல்வீட்டில் யாரோ பழக்கதோஷத்தில் அயர்னை நிறுத்திவிட்டு, "ஆங், இப்பப் போடு!" என்று பதில் கூவினார்கள். நான் ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன்.