இடியை விழுங்கிய துவக்கு

2003 செப்டெம்பரில் பேரின்பநாதன் வாங்கி வந்த பழைய இராணுவத் துவக்கு, மொன்றியலின் பியர்பொன்ட்ஸில் அவருடைய வீட்டையும் இரு பக்கத்திலும் இரண்டிரண்டு அயல்வீடுகளையும் வெடிச்சத்தம் கேட்காத இடமாக்கிவிட்டது. சின்னச் சத்தங்களை அது தொடவில்லை. எண்ணெயில் கடுகு வெடிப்பதும், ரெலிபோன் அடிப்பதும், மாடிப்படி முனகுவதும் முன்போலவே கேட்டன. இடி, வாணவேடிக்கை, பனி அள்ளும் வண்டியின் தகடு தெருவில் மோதும் ஓசை, காற்று அறைந்து சாத்தும் கதவு, இவை மட்டும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு இத்தாலியக் கிழவர் கொஞ்ச நாள் காதுக்கு மருந்து விட்டுப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார்.

பேரின்பநாதனுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. தையல் தொழிற்சாலையொன்றில் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர். யாழ்ப்பாணத்தில் இருந்த காலத்தில் ஒரு துவக்கையும் அவர் தொட்டதில்லை. மொன்றியலுக்கு வந்த பிறகுதான் பழைய இராணுவத் துவக்குகளைப் பற்றிய புத்தகங்களை வாங்கிப் படிக்கத் தொடங்கினார். எந்தத் தொழிற்சாலை எந்த ஆண்டில் எந்த முத்திரையைக் குத்தியது, எந்த மரத்தில் பிடி செய்தது என்று கேட்காதவர்களுக்கும் சொன்னார். கோட்-டெ-நெய்ஜில் இருந்த நண்பர் அருமைநாதன், "உனக்கேனடா இந்த விசர்?" என்று கேட்டதற்கு, "இவ்வளவு காலமும் துவக்கின்ர முன்பக்கத்தைத்தான் பாத்திருக்கிறன். ஒருக்கா பின்பக்கத்தில நிண்டு பாக்க வேணும்" என்றார்.

துவக்கு வைத்திருப்பதற்கான அனுமதிப்பத்திர விண்ணப்பத்தில் மனைவியும் கையெழுத்திட வேண்டியிருந்தது. மனைவி சிவநேசம் 1987இல் கிணற்றடியில் நின்றபோது பக்கத்து வளவில் செல் விழுந்து வெடித்தது. அவருக்கு ஒரு கீறலும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து எங்கே பெரிய சத்தம் எழுந்தாலும் அவருடைய உடம்பு அவரைக் கேட்காமலே நிலத்தில் விழுந்துவிடும். மொன்றியலில் ஒரு கார்டெரியில் பிள்ளைகளைப் பார்க்கும் வேலை கிடைத்து, பதினொரு மாதம் ஆசையோடு போனார். ஒரு பிள்ளையின் பிறந்தநாளில் பலூன் வெடித்தது. இரண்டு குழந்தைகளை மார்புக்குக் கீழே மூடிக்கொண்டு குப்புறக் கிடந்தவரை மூன்று பேர் சேர்ந்து தூக்கினார்கள். குழந்தைகள் அதை விளையாட்டென்று நினைத்துச் சிரித்தன. அதற்குப் பிறகு அவர் அங்கே போகவில்லை.

விண்ணப்பம் இரண்டு வருடம் பிரிட்ஜ் கதவில் காந்தத்தின் கீழ் தொங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்த சிவநேசம் கையைத் துடைத்துவிட்டுப் பேனை கேட்டார்.

"இந்தக் கடதாசியை ஒவ்வொரு நாளும் பாத்துப் பயப்பிடுறதை விட, அந்தச் சாமானையே பாத்துப் பயப்பிடலாம். ஆனா ஒரு குண்டும் இந்த வீட்டுப் படி ஏறக்கூடாது. பூட்டின்ர திறப்பு என்னட்டத்தான் இருக்கும்."

பேரின்பநாதன் இரண்டுக்கும் ஓம் என்றார்.

சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் இருந்த ஹென்றி என்ற எண்பது வயதுக்காரர் பத்திரிகையில் மூன்று வரி விளம்பரம் கொடுத்திருந்தார். 1944இல் ஒன்ராறியோவில் செய்த திரீ-நொட்-திரீ ரகத் துவக்கு. போருக்குப் போக முன்னரே போர் முடிந்துவிட்டது. மெழுகுத்தாளைப் பிரித்தபோது கிறீஸ் பூசியபடி அது புதிதாகக் கிடந்தது. பேரின்பநாதன் குழலில் இருந்த இலக்கத்தையும் மரத்தின் அடியில் இருந்த இலக்கத்தையும் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். இரண்டும் ஒன்று. டோர்ச் அடித்துக் குழலுக்குள் பார்த்தார். உள்ளே சுழன்று போகும் வரிகளில் ஒரு தேய்வும் இல்லை. புத்தகங்களில் மட்டும் கண்டிருந்த ஒன்று, பிறந்ததிலிருந்து ஒருமுறைகூடச் சுடாத ஒன்று, அவருடைய மடியில் கிடந்தது. ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டார். ஐம்பது வருடத்துக்கு மேலாக இந்த வீட்டில் இடி கேட்கவில்லை என்றும், சாவதற்கு முன் ஒரு இடியையாவது கேட்டுவிட வேண்டும் என்றும் ஹென்றி சொன்னார். கிழவருக்குக் காது மந்தம் என்று நினைத்துக்கொண்டு பேரின்பநாதன் விலை பேசாமல் வாங்கினார்.

துவக்கு நிலவறை அலுமாரிக்குள் போனது, திறப்பு சிவநேசத்தின் கைப்பைக்குள் போனது. அடுத்த கிழமை பின்னேரம் வானம் இருட்டி மின்னியது. சத்தம் வரவில்லை. சிவநேசம் கணவருடைய சேட்டுக் கையைப் பிடித்து இழுத்து, "சத்தமில்லாமல் வாற செல்தானப்பா எங்கட தலையில விழும்" என்று நடுங்கினார். மழை ஓயும்வரை சாப்பாட்டு மேசைக்குக் கீழே காத்திருந்தார். ஒன்றும் விழவில்லை. மறுநாள் ஒரு கடதாசிப் பையை ஊதி, கண்ணை மூடிக்கொண்டு உடைத்தார். பை கிழிந்தது, சத்தமில்லை. தெருமுனை டெப்பனர் கடையில் இரண்டு பக்கெட் பலூன் வாங்கிவந்து குசினியில் நின்று ஒவ்வொன்றாக ஊதி ஊசியால் குத்தினார். உடம்பு விழாமல் நின்றது. வேலை முடிந்து வந்த பேரின்பநாதன் நிலமெல்லாம் வண்ண வண்ண ரப்பர் துண்டுகளையும், சோபாவில் வாய் திறந்தபடி தூங்கும் மனைவியையும் கண்டார். அடுத்த நான்கு வருடத்தில் சிவநேசம் பதினாறு வருடத் தூக்கத்தையும் தூங்கி முடித்தார்.

2007 ஆடியில் அருமைநாதன் வந்து, "சுடாத துவக்கும் ஒரு துவக்கே?" என்று கேட்டுவிட்டுப் போனார். அந்தக் கேள்வி பேரின்பநாதனுக்குள் இருந்து அரித்தது. சுட்டால் அது சத்தம் விழுங்குவதை நிறுத்திவிடுமோ என்றும் பயந்தார். ஒரு சனிக்கிழமை தலையைக் குனிந்துகொண்டு திறப்பைக் கேட்டார். சிவநேசம் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்து, "கவனமாப் போட்டு வாங்கோ" என்றார்.

சுடும் பயிற்சித் திடலில் அவர் துவக்கைக் கொண்டுவந்து வைத்ததும் அங்கிருந்த பதினொரு பேருடைய துவக்குகளும் ஊமையாயின. எல்லோரும் காதுமூடிகளைக் கழற்றித் தங்கள் காதுகளைத் தட்டிப் பார்த்தார்கள். பொறுப்பாளர் திடலை நிறுத்தி, ஒவ்வொருவராகச் சோதித்துப் பார்த்து, கடைசியில் மிக மரியாதையாக, இதை வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றார். வாங்கிய ஒரேயொரு குண்டை மேசையில் வைத்துவிட்டுப் பேரின்பநாதன் திரும்பினார்.

வழியெல்லாம் மழை. வீட்டு முன்படியில் சிவநேசம் தெப்பமாக நனைந்து இருந்தார்.

"இடிச்சதப்பா. ஆறு தரம்."

"விழுந்தனீரே?"

"முதல் இடிக்கு விழுந்தனான். ரெண்டாவதுக்கு முழங்கால் மட்டும்தான் மடிஞ்சுது. பேந்து இந்தப் படியில இருந்து கேட்டனான்."

"பயமாயிருக்கேல்லையே?"

"பயம்தான். ஆனா அது இடி எண்டு தெரிஞ்சுது."

பேரின்பநாதன் காரிலிருந்து துவக்கை இறக்கவில்லை. அவரும் படியில் வந்து இருந்து நனைந்தார்.

அதன் பிறகு ரேடியோவில் இடிமழை என்று சொன்னால் சிவநேசம்தான் திறப்பை எடுத்துவந்து கணவரின் கையில் வைப்பார். பேரின்பநாதன் துவக்கைப் பூட்டியபடியே டிக்கியில் வைத்து, பிளாஸ்கில் தேத்தண்ணியும் எடுத்துக்கொண்டு, ஆற்றோர வீதியில் மெதுவாகக் காரை ஓட்டிக்கொண்டு போவார்; சிவநேசம் முன்படியில் இருந்து இடி கேட்பார். நாயோடு நடப்பவர்கள் மின்னலைக் கண்டு, சத்தம் வராவிட்டால், அவர்தான் வருகிறார் என்று ஓரமாக ஒதுங்கி நின்று கை காட்டுவார்கள். அவரும் கண்ணாடியை இறக்கிக் கை காட்டிவிட்டுப் போவார்.