வலது கால் மட்டும்

யூதாஸ் நாற்காலியில் எப்போதும் ஓர் இந்துதான் உட்கார வேண்டும். மலேசியாவில் பத்து காஜா ஊருக்கு அந்தப் பக்கம், ரப்பரை அழித்துச் செம்பனை போட்ட தோட்டத்தில் மிச்சமிருக்கும் சின்ன மாதா கோயிலில் அதுதான் வழக்கம். பெரிய வியாழன் சாயங்காலம், இயேசு தன் சீடர்களின் காலைக் கழுவியதை நினைத்துப் பன்னிரண்டு ஆண்களின் காலைக் கழுவுவார்கள். தோட்ட ஆபீசை மூடியபோது வந்த பன்னிரண்டு மர நாற்காலிகளின் முதுகில் யாரோ சீடர்களின் பெயர்களைப் பெயின்டால் எழுதி வைத்துவிட்டார். அதனால் வந்த வினை. காட்டிக்கொடுத்தவன் பெயரில் முதுகைச் சாய்க்க எந்தக் கிறிஸ்தவன் வருவான்? மாரியம்மன் கோயில் பக்கமிருந்து ஓர் ஆளைப் பிடித்து வருவார்கள். பல வருஷமாக அது லோரி ஓட்டும் ராமையா. அவர் இப்போது மகள் வீட்டோடு பாரிட் புந்தாருக்குப் போய்விட்டார்.

"வியாழக்கிழமை சாயங்காலம் சும்மாத்தானே இருப்பே?" என்று சுரேனுக்குப் போன் வந்தது. பேசியவர் நவமணி, அவன் காதலிக்கும் பிரமிளாவின் அப்பா.

"சும்மாத்தான் அங்கிள்."

சும்மா இருப்பதில் சுரேனுக்கு நல்ல அனுபவம் உண்டு. மகன் பாலிடெக்னிக் படிப்பை விட்டுவிட்டான் என்று அவன் அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். உண்மையில் படிப்புதான் அவனை விட்டது. இப்போது ஈப்போவில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் இரவு ஷிப்டு. அவன் வம்சத்தில் எல்லாரும் ரப்பர் மரத்திலிருந்து பால் எடுத்தவர்கள். அவன் அந்தப் பாலில் கையுறை அச்சான பீங்கான் கைகள் முங்கி எழுவதை விடியும்வரை பார்த்துக்கொண்டிருப்பவன். இதை முன்னேற்றம் என்று யாராவது சொன்னால் அவன் மறுக்கமாட்டான்.

நவமணி அவனிடம் நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை. போன தீபாவளி கழிந்ததும் பிரமிளா வீட்டில் விஷயத்தைச் சொல்லியிருந்தாள். அப்பா சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. பள்ளி வேன் ஓட்டுகிறவர், கோயிலில் பாதருக்கு உதவும் உபதேசியார்; இருக்கிற பேச்சையெல்லாம் அந்த இரண்டு இடத்திலேயே தீர்த்துவிட்டு வீட்டுக்கு வருவார். அப்பா சம்மதிக்காமல் கல்யாணம் கிடையாது, ஓடிப்போகிற ஆள் நான் இல்லை என்று பிரமிளா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். சுரேன் இன்னும் கெடுத்து வைக்காத ஒரே காரியம் இந்தக் காதல்தான். அது அந்த மனிதரின் தலையசைப்புக்குக் காத்துக் கிடந்தது.

"உங்கப்பா கூப்பிட்டாரு பிரமி. பன்னெண்டு சீடர்ல நான் ஒருத்தன்."

"எந்த நாற்காலின்னு கேட்டியா?"

கேட்கவில்லை. அவள் சொன்னாள். சொல்லிவிட்டு வெகுநேரம் சிரித்தாள்.

"ஆளப் பாத்துத்தான் குடுத்திருக்காரு லா."

"போதும் சிரிச்சது. கழுவப்போறது பாதர்தானே?"

"பாதருக்கு முட்டியில ஆப்பரேஷன். குனிய முடியாது. அப்பாதான் இந்த வருஷம்."

சுரேன் குனிந்து தன் கால்களைப் பார்த்தான். ராத்திரி முழுக்க ஈரமான பூட்சுக்குள் ஊறுகிற கால்கள் அவை. விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண். வயலில் இறங்காமலே சேற்றுப்புண் வாங்கிய சாதனையாளன். வீட்டில் அவன் செருப்பைக் கழற்றினால் பூனை எழுந்து வெளியே போகும்.

"வலது கால் மட்டும்தான், பயப்படாதே," என்றாள் பிரமிளா. "எல்லாரும் வீட்டுலயே சோப்புப் போட்டுத் தேச்சிட்டுத்தான் வருவாங்க. கழுவின காலத்தான் கழுவுறது."

வலது கால் மட்டும் என்றதும் சுரேனின் மூளை அதன் வழக்கமான பாதையில் போனது. பாதி வேலை மிச்சம். வலது காலுக்கு மருந்து, பவுடர், வேலையில் மாற்றிப்போட உலர்ந்த காலுறை. இடது காலைக் கடவுளிடம் விட்டுவிட்டான். பாலிடெக்னிக்கிலும் பரீட்சையில் வரும் என்று யாரோ சொன்ன பாடத்தை மட்டும்தான் படித்தான்.

அம்மாவிடம் சாப்பிடும்போது சொன்னான். "வியாழக்கிழமை மாதா கோயில்ல பிரமிளா அப்பா என் காலக் கழுவப்போறாரும்மா."

காளியம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "அவரா? உன் காலயா?"

"ஆமா."

"எல்லாரு முன்னாடியுமா?"

"எல்லாரு முன்னாடியும்தான்."

மற்றப் பதினோரு கால்களைப் பற்றி அந்த இடத்தில் அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. "நானும் வாரேன்," என்று எழுந்துபோய் அவள் அலமாரியைத் திறந்தாள். வியாழக்கிழமை பட்டுச்சேலையும் தலைநிறையப் பூவுமாக வந்து நின்றபோது, அடுத்த மதத்து ஆலயத்துக்கு அம்மா தரும் மரியாதையைப் பார் என்று அவன் பெருமைப்பட்டான்.

கோயில் நிறைந்திருந்தது. பன்னிரண்டு நாற்காலிகளும் பீடத்துக்கு முன்னால் வரிசையாக இருந்தன. கடைசி அவனுடையது. பக்கத்தில் மத்தேயுவாக உட்கார்ந்திருந்த அப்பாவு அண்ணனின் வலது காலிலிருந்து குழந்தைப் பவுடர் வாசனை வந்தது.

பாதர் உட்கார்ந்தபடியே பேசினார். ஆண்டவர் துண்டைக் கட்டிக்கொண்டு குனிந்ததும் பேதுரு பதறினார், என் காலை நீங்கள் தொடவே கூடாது என்றார். கழுவாவிட்டால் எனக்கும் உனக்கும் ஒட்டில்லை என்றதும், அப்படியானால் தலையையும் கழுவுங்கள் என்றார். சுரேனுக்குப் பேதுருவைப் பிடித்துப்போனது.

"யூதாஸ் மட்டும் வாயத் திறக்கல," என்றார் பாதர். "அன்னிக்கு ராத்திரி தன்னை விக்கப்போறவன் அவன்தான்னு ஆண்டவருக்குத் தெரியும். தெரிஞ்சும் அவனத் தாண்டிப் போகல. அவன் காலயும் கையில எடுத்தாரு."

கோயிலே திரும்பிச் சுரேனைப் பார்த்தது. இன்னும் யாரையும் விற்கவில்லை என்று எழுந்து சொல்லலாம்போல இருந்தது.

நவமணி பித்தளைச் சருவத்தோடு ஒவ்வொரு நாற்காலியாக வந்தார். ஒவ்வொரு முறையும் மண்டியிட்டு, வலது காலில் தண்ணீர் ஊற்றி, துடைத்து, முழங்காலில் கையூன்றி எழுந்தார். கடைசியில் அவன் முன்னால் வந்து மண்டியிட்டபோது அவருடைய வழுக்கைத் தலை வேர்த்திருந்தது.

"வேணாம் அங்கிள்," என்று அவனுக்கே தெரியாமல் வாயில் வந்துவிட்டது. "நானே கழுவிக்கிறேன்."

"கால நீட்டு."

நீட்டினான். தண்ணீர் விழுந்தது. அந்த நொடியில் பின்வரிசையிலிருந்து ஒரு குலவை எழுந்தது.

நாக்கைச் சுழற்றி, தொண்டை கிழிய, தகரக் கூரை அதிர. காளியம்மா எழுந்து நின்றிருந்தாள். கன்னத்தில் கண்ணீர். பாடகர் குழுவிலிருந்த பிரமிளா பாட்டுப் புத்தகத்தை முகத்தோடு ஒட்டிக்கொண்டாள். பாதர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

அப்போதுதான் சுரேனுக்கு உறைத்தது. அவன் சனத்துக் கல்யாணங்களில் பெண்ணின் அப்பா மணவறையில் மாப்பிள்ளையின் காலைக் கழுவுவார். தண்ணீர் விழுந்ததும் பெண்கள் குலவை போடுவார்கள். அம்மா சம்பந்தத்துக்கு வந்திருக்கிறாள். மற்றப் பதினோரு பேரையும் மாப்பிள்ளைத் தோழர்கள் என்று நினைத்தாளோ என்னவோ.

"மன்னிச்சிருங்க அங்கிள்," என்று குனிந்து முணுமுணுத்தான். "அம்மாவுக்குத் தெரியாது. நான் சொல்லல."

"என்ன சொல்லல?"

"எல்லாரு காலயும் கழுவுவீங்கன்னு."

நவமணி அவன் பாதத்தை விடாமல் திரும்பிப் பார்த்தார். இதே தோட்டத்தில் பிறந்தவர். எத்தனை இந்துக் கல்யாணத்துக்குப் போயிருப்பார்! அந்தக் குலவை எதற்கு என்று அவருக்குத் தெரியும். இப்போது துடைத்துவிட்டு எழுந்தால் காளியம்மா தப்பாகப் புரிந்துகொண்ட பைத்தியக்காரி. சுரேன் யூதாஸ், அவ்வளவுதான். அவன் தன் காதலுக்கு மனதுக்குள்ளேயே கருமாதி செய்து முடித்தான்.

அவர் வலது காலைத் துடைத்தார். எழவில்லை.

"அதை எடு."

"எது அங்கிள்?"

"இடது காலு."

"வலது மட்டும்தான்னு…"

"உபதேசியார் நானா நீயா? சப்பாத்தக் கழட்டுடா."

இடது ஷூவையும் காலுறையையும் கழற்றினான். அப்பாவு அண்ணன் தன் நாற்காலியை மெல்ல அந்தப் பக்கம் நகர்த்தினார். நவமணியின் முகம் ஒரு நொடி சுருங்கியது, ஆனால் திரும்பவில்லை.

"இதுக்கெல்லாம் மருந்து போடமாட்டியா?"

"வலதுக்குப் போட்டேன் அங்கிள்."

அவர் நிமிர்ந்து அவனை நன்றாகப் பார்த்தார். மீசைக்குள் ஏதோ அசைந்தது. பிறகு பின்வரிசைப் பக்கம் பார்த்து, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி ஒரு தடவை தலையை ஆட்டிவிட்டு, சருவத்தைச் சாய்த்தார்.

காளியம்மா அடுத்த குலவையைத் தொடங்கினாள். இந்தத் தடவை முன்வரிசையில் ஜெபமாலை வைத்திருந்த கிழவிகள் இரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள்.

புண்ணில் தண்ணீர் பட்டு எரிந்தது. சுரேன் பல்லைக் கடித்துக்கொண்டான். பேதுருவைப்போலத் தலையையும் கழுவச் சொல்லலாமா என்று ஒரு யோசனை வந்தது. அதிகமாகக் கேட்டுக் காரியத்தைக் கெடுக்க வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.