நீள லென்ஸுக்குள் சாமித்தம்பி

1

இது நான் கற்பனை செய்த கதையல்ல. காத்தான்குடியில் ஒரு கலியாண வீட்டில், படம் பிடிக்க வந்திருந்த றுமானா சாப்பாட்டு நேரத்தில் சொன்னது. அவள் இரண்டு லென்ஸ்களைப் பற்றித்தான் சொன்னாள். கதை என்று பிடித்துக்கொண்டவன் நான்.

(முதலில் எழுதிய தொடக்கம்: ‘வாவி வெள்ளித் தகடாய் மின்னிக்கொண்டிருக்க, அதன்...’ வேண்டாம். றுமானா அப்படிப் பேசுகிறவள் இல்லை.)

2

புளியந்தீவுக் கமராக் கடைக்காரர் அஸ்பாக், பார்த்துவிட்டு ஒன்றை வாங்கும்படி இரண்டு லென்ஸ்களையும் கொடுத்தனுப்பியிருந்தார். வாவிக்கரையில் கூட்டாளி கேதீஸ்வரியின் வீடு. அங்கே போனாள்.

முதலில், மிகக் கிட்ட நின்று பிடிக்கிற மெக்ரோ லென்ஸ். புல்லில் ஒரு தும்பி. கண் தெளிந்தால் சிறகு கலங்கியது; சிறகு தெளிந்தால் கண் போனது. றுமானா குந்தியபடியே பக்கவாட்டில் நகர்ந்தாள். கண்ணும் சிறகும் லென்ஸுக்கு ஒரே தூரத்தில் வந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஷட்டரை அமத்தினாள். இரண்டும் படத்தில் தெளிவாக விழுந்தன.

“என்னடி, தும்பிக்குக் கலியாணமா?” என்று சிரித்தாள் கேதீஸ்வரி.

3

அடுத்தது, தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டும் நீள லென்ஸ். தூரத்து நீர்க்காகம் மங்கலாக வந்தது. வேறு யாராக இருந்தாலும் லென்ஸைத்தான் குறை சொல்லியிருப்பார்கள். அவள் கிட்டக் கிடந்த ஒரு கம்பைப் படம் பிடித்துப் பார்த்தாள். நார் நாராகத் தெரிந்தது. பிழை தண்ணீருக்கு மேலே அலைகிற அனலில்தான்.*

பிறகு லென்ஸைச் சாமித்தம்பியின் பக்கம் திருப்பினாள். கேதீஸ்வரியின் புருஷனான அவர், தோணியோரம் நெஞ்சளவு தண்ணீரில் வலை இழுத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஒரு கட்டை. கட்டைக்குக் கண் இருந்தது.

நீள லென்ஸ் முன்னால் நிற்பதையும் பின்னால் நிற்பதையும் ஒட்டிக் காட்டும் என்பது அவளுக்குத் தெரியும். வெறுங்கண்ணால் பார்த்தாள். தண்ணீரில் வெயில் கூச்சம் மட்டும். விரல் ஷட்டரில் இருந்தது. அவள் அதை...

கமராவைத் தாழ்த்தினாள்.

“கேதீஸ்! முதலை! அவருக்குப் பின்னால!”

“எவ்வளவு தூரத்திலடி?”

“தெரியல்ல! இதுல தூரம் விளங்காது. கூப்பிடு!”

“இஞ்ச! தோணியில ஏறுங்க! முதலை!”

சாமித்தம்பி திரும்பிப் பார்க்கவில்லை. வலையை விட்டார், தோணிக்குள் விழுந்தார். பிறகு பார்த்தபோது வெறும் தண்ணீர்.

* இந்த இடத்தை நான் வெட்டப் பார்த்தேன். மனம் வரவில்லை. இவ்வளவு நிதானமாகக் குறை தேடுகிற ஒருத்தியை நான் வேறு எங்கும் கண்டதில்லை.

4

“கனதூரத்தில நிண்டிருக்கும். அநியாயமா வலைதான் போச்சு,” என்றார் கரையேறிய சாமித்தம்பி.

“போகட்டும்,” என்றாள் கேதீஸ்வரி. அவர் கையை அவள் விடவில்லை.

நான் எழுதிப் பார்த்த ஒரு முடிவில் றுமானாவுக்குப் பரிசு வாங்கித்தரும் படம் கிடைத்தது, அதை வெட்டிவிட்டேன். இன்னொன்றில் அவர் நின்ற இடத்திலேயே முதலை மேலே வந்தது, அதையும் வெட்டினேன். என்னை அண்ணன் முறையில் ‘காக்கா’ என்று கூப்பிடுகிறவள் அவள்; அவளிடமே கேட்டேன்: “ஒரு படம் எடுத்திருந்தா, தூரத்தையாவது கணக்குப் பார்த்திருக்கலாமே?”

“படத்திலயும் தூரம் விளங்காது, காக்கா. விளங்காட்டி கூப்பிடோணும். வேற என்ன செய்யிற?”

நீள லென்ஸையே வாங்கினாளாம். நல்ல லென்ஸ் என்றாள்.

முதலை எவ்வளவு தூரத்தில் நின்றது என்பதை நான் எழுதப்போவதில்லை. நீங்கள் அளந்துகொள்ளுங்கள். ஆனால் சாமித்தம்பி தோணியில் ஏறிய பிறகு.