சந்தனம் பூசிய தூரக்கண்ணாடி

சண்டை நடந்த காலம். ஜப்பான்காரன் விமானம் வந்தால் கண்டு சொல்ல வேண்டுமென்று சங்ககிரிக் கோட்டை மேல் ஆள் நிறுத்தினார்கள். பகலுக்கு நான், இரவுக்குச் செங்கோடன். தூரக்கண்ணாடியைக் கொண்டுவந்து கொடுத்த பட்டாளத்துக்காரர் நல்ல மனிதர். கொஞ்ச நேரம் பார்த்தால் கொஞ்ச நேரம் கண்ணை மூடு, சூரியனுக்கு நேராகத் திருப்பாதே, கண்ணாடியைச் சுத்தமாக வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

எங்களை வேலை வாங்கிய ஊர் மணியகாரர் அப்புசாமி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"சர்க்கார் கூலி வாங்கீட்டுக் கண்ணை மூடறதா? வெச்ச கண்ணு எடுக்கப்படாது" என்றார்.

ஆயுத பூசையன்று அரிவாள், கடப்பாரையோடு தூரக்கண்ணாடியையும் வைத்து, முன்னும் பின்னும் கண்ணாடியில் சந்தனத்தை அப்பிக் குங்குமமும் வைத்தார். தானாக உதிரும் வரை யாரும் துடைக்கக்கூடாதாம்.

மறுநாள் காலை செங்கோடன் கண்ணைக் கசக்கிக்கொண்டே அதை என்னிடம் கொடுத்தான்.

"ஏதாச்சும் தெரிஞ்சுதா?" என்றேன்.

"தெரிஞ்சுது. ஜப்பான்காரன் நெத்தி நெறையப் பொட்டு வெச்சுட்டு வாரான்."

சிரிப்பெல்லாம் காலையோடு சரி. சந்தனம் அடைக்காத ஓரத்தில் ஒற்றைக் கண்ணை இடுக்கிப் பார்த்தேன். காய்ந்த குங்குமம் உதிர்ந்து கண்ணில் விழுந்தது. சில நாளில் கண் சிவந்து வீங்கி, நீர் நிற்கவேயில்லை. என் பிழைப்பு கிணறு வெட்டுவது. பாறை வெடியின் திரியில் நெருப்பு வைத்துவிட்டுப் பார்த்து மேலேற முடியாதவனை எவன் குழிக்குள் இறக்குவான்? கண் போனால் வீட்டில் அடுப்பு எரியாது.

ஒரு சாயங்காலம் மணியகாரர் மேலே வந்தார்.

"மேக்கால பாருடா. ஏதோ சத்தம் கேட்டுதாம்."

"வெயில் எறங்குதுங்க சாமி. அதுக்கு நேராப் பாத்தாக் கண்ணு வெந்துரும்."

"கண்ணுல வெண்ணெயா வெச்சிருக்கற, உருகிப் போறதுக்கு?"

துண்டை நனைத்து, அவர் முன்னாலேயே கண்ணாடியை அழுத்தித் துடைத்தேன்.

"டேய், பூசை வெச்சதை உன்ற வேர்வைத் துண்டுல தொடைக்கறயா? தீட்டாயிருச்சே. இனி நான் எப்படித் தொடறது?"

"பூசைக்கப்பறம் நீங்க தொட்டதுண்டுங்களா? இந்தாங்க. உங்க கண்ணுல வெச்சு வெயிலப் பாருங்க."

நீட்டினேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நாளைக்கு இங்க வராத."

"வரலீங்க."

தூரக்கண்ணாடியைப் பாறைமேல் வைத்துவிட்டு நடந்தேன். ஆத்திரத்தில் வேகமாகத்தான் நடந்தேன், படி வரும் வரைக்கும். கோட்டைப் படி ஒவ்வொன்றும் இரண்டாகத் தெரிந்தது. எதில் கால் வைப்பதென்று தெரியாமல், கீழே போகும் வரை உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினேன்.