அடைப்புக்குறிக்குள் ஓர் இருமல்

1

இந்தக் கதையை எழுதச் சொன்னது என் மகள். எழுதினால் மனசு லேசாகும் என்றாள். எழுதிப் பார்க்கிறேன், ஆகவில்லை. எட்டாம் வகுப்போடு நின்று பஸ் ஓட்டப் போனவன் நான். கதை எழுதுகிறவர்களை என்றைக்கும் நம்பியதில்லை. நீங்களும் என்னை நம்ப வேண்டியதில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'அந்த ஆண்டு பெரிய அரங்கத்துக்கு வெளிநாட்டு இசைக்குழுக்கள் வரிசையாக வந்தபோது நகரமே'

நகரமே ஒன்றும் ஆகவில்லை. அடித்துவிட்டேன்.

2

மறுபடி. அந்தப் பருவம் முழுக்க இசைக்குழுக்களை ஓட்டலிலிருந்து அரங்கத்துக்குக் கொண்டுபோய் விட்டவன் நான். காக்காய்க் கூட்டமாகக் கறுப்பு உடை. வாத்தியப் பெட்டியைக் கைப்பிள்ளை மாதிரி கட்டிக்கொண்டு ஏறுவார்கள். டிரைவர் முகத்தை ஒருத்தரும் பார்த்ததில்லை. ஆனால் டிரைவருக்கு இரண்டு இலவச டிக்கெட் உண்டு. எனக்கு அந்தச் சங்கீதம் ஒட்டவில்லை. அவளுக்குப் பிடித்தது.

அவள் என்றால் என் மனைவி. நெஞ்சில் நோய், ஓயாத இருமல். மருந்துக்கடையில்கூட ஆட்கள் நகர்ந்து நிற்பார்கள். மகள் வீட்டிலேயே மாப்பிள்ளை நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொள்வார்.

அரங்கத்தில் ஒரு வழக்கம். வாசிப்பு பாகம் பாகமாக நடக்கும். நடக்கும்போது யாரும் மூச்சுக் காட்டமாட்டார்கள். ஒரு பாகம் முடிந்தால் கை தட்டக் கூடாதாம். அந்தச் சின்ன இடைவெளியில், அதுவரை அடக்கி வைத்திருந்த கூட்டம் மொத்தமும் இருமும். கோட்டுப் போட்டவன், வைரத்தோடு போட்டவள், எல்லாரும். அவளும் அவர்களோடு சேர்ந்து ஆசை தீர இருமுவாள்.

"இங்கதாங்க யாரும் என்னைத் திரும்பிப் பாக்கல," என்றாள்.

(சங்கீதத்தைப் பற்றி அழகாக ஏதாவது அவளைச் சொல்லவைக்கலாமா என்று யோசித்தேன். அவள் சொன்னது இவ்வளவுதான்.)

3

கடைசிக் குழு வந்த அன்று ரேடியோவுக்காகப் பதிவு செய்தார்கள். மேலே கம்பியில் மைக்குகள் தொங்கின. மூன்றாம் பாகத்தில் எல்லா வாத்தியமும் ஓய்ந்து, ஒற்றைக் குழல் மட்டும் நூல் இழை மாதிரி போய்க்கொண்டிருந்தது. அவளால் அடக்க முடியவில்லை. கைக்குட்டையை வாயில் திணித்தும் ஓர் இருமல் வெளியே வந்துவிட்டது. வரிசை வரிசையாகத் தலைகள் திரும்பின.

குழுவை ஓட்டலில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது, காலி பஸ்ஸில் என் பின்னால் உட்கார்ந்துகொண்டு கேட்டாள்: "ரேடியோல என் சத்தமும் வருமாங்க?"

"வரும். நாடே கேக்கும். அந்தக் குழலை விட உனக்குத்தான் சுதி சேர்ந்திருந்துச்சு."

சிரித்தாள். சிரிப்பும் இருமலில்தான் போய் முடிந்தது.

மழைக்காலம் வருமுன் செத்துப்போனாள். (இந்த வாக்கியத்தை நீட்டிப் பார்த்தேன். நீளவில்லை.)

4

போட்டோ இருக்கிறது. குரல் எதிலும் இல்லை. வீட்டில் பேசுவதை எவன் பிடித்து வைக்கிறான்? அந்த ஓர் இருமல்தான் மிச்சம் என்று அரங்க அலுவலகத்துக்குப் போனேன்.

பதிவு செய்தவரை இந்தக் கதையில் கெட்டவனாக்க முயன்றேன், வரவில்லை. நாற்காலி போட்டார். காதில் மாட்டுவதைத் தானே துடைத்துக் கொடுத்தார். மூன்றாம் பாகத்தில் ஓர் இருமல் இருக்குமே என்றேன். நான் குறை சொல்ல வந்ததாக நினைத்துக்கொண்டார்.

"அதப் பத்திக் கவலையே படாதீங்கய்யா. சுத்தமா எடுத்துட்டோம். இருந்த தடமே தெரியாது."

காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன். தெரியவில்லை. குழல் அந்த இடத்தை வழுக்கிக்கொண்டு தாண்டியது, யாருமே சாகாத மாதிரி.

எடுத்ததை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"அதையெல்லாம் யாருங்கய்யா வச்சிருப்பாங்க?"

5

இனி முடிவு. வேறொரு மைக்கில் அந்த இருமல் அகப்படுவதாக எழுதலாம். மகளுக்குப் பிடிக்கும், ஆனால் பொய். அடுத்த பருவத்தில் நான் அரங்கத்துக்குப் போய் அவளுக்காக இருமுவதாக எழுதலாம். சினிமா.

இருமலையே எழுதிவிடலாம் என்று 'லொக்கு லொக்கு' என்று எழுதினேன். நாடகத்துக் கிழவன் ஒருவன் வந்து நின்றான். அவள் வரவில்லை. அதனால் இடம் மட்டும் விட்டிருக்கிறேன்.

மூன்றாம் பாகம். அரங்கம் மூச்சடக்கி இருக்கிறது. ஒற்றைக் குழல்.

(                    )

முடிந்தால் அங்கே ஒருமுறை இருமுங்கள். பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்த்தால் பார்க்கட்டும். இல்லாவிட்டால் தாண்டிப் போங்கள். தாண்டித்தான் போயிருப்பீர்கள், எனக்குத் தெரியும்.